பூங்காவோடு குடியிருக்க ஓர் ஆள்

ஊஞ்சல் சங்கிலியை மேற்கம்பியில் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டு இரவோடு இரவாக யாரோ போய்விடுகிறார்கள். எந்த விளையாட்டுத் திடலிலும் நடக்கிற சின்னக் குறும்புதான். ஓர் ஏணி இருந்தால் ஐந்து நிமிடத்தில் அவிழ்த்துவிடலாம். ஆனால் ரொறன்ரோவில் அந்த ஐந்து நிமிட வேலை நடப்பதற்கு எத்தனை படி ஏறவேண்டும் என்று பாருங்கள். யாராவது ஒருவர் மாநகரசபையின் 311 சேவைக்கு அழைக்க வேண்டும். அங்கே ஒரு முறைப்பாட்டு இலக்கம் தருவார்கள். அது பூங்காத் துறைக்குப் போய், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான குழுவின் வேலைப் பட்டியலில் ஏறி, அவர்களுடைய வாகனம் அந்தப் பக்கம் வருகிற நாளில்தான் ஊஞ்சல் கீழே இறங்கும். அதுவரை பிள்ளைகள் தலைக்கு மேலே தொங்கும் இருக்கையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சறுக்குப் பக்கம் ஓடுவார்கள். பெரும்பாலானோர் அழைப்பதும் இல்லை. இதற்கெல்லாமா ஒரு தொலைபேசி அழைப்பு என்று விட்டுவிடுவார்கள். பூங்காவை ஒட்டிய ஒரு சிறு வீட்டில் அந்தப் பூங்காவுக்கென்றே ஒருவர் குடியிருந்தால், காலைத் தேநீருக்கு முன்பே ஊஞ்சல் இறங்கியிருக்கும். அக்கம்பக்கப் பூங்காக்களுக்கு அப்படி ஒருவர் வேண்டும், அதை மாநகரசபை முதலில் டோர்செட் பார்க் போன்ற ஓர் இடத்தில் செய்துபார்க்க வேண்டும் என்பதே இங்கு நான் சொல்ல வருவது.

ஏன் டோர்செட் பார்க்? நெடுஞ்சாலை 401க்குத் தெற்கே கென்னடி வீதியின் இருபுறமும் கிடக்கும் இந்த ஸ்காபரோப் பகுதியில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்துச் சிறு வீடுகளும் பிற்பாடு எழுந்த உயர்ந்த தொடர்மாடிகளும் அருகருகே நிற்கின்றன. தமிழ் அதிகம் பேசப்படும் இடங்களில் இதுவும் ஒன்று. 2005இல் நகரம் 13 முன்னுரிமைப் பகுதிகளை அடையாளம் கண்டபோது டோர்செட் பார்க் அதில் இருந்தது. 2014இல் பட்டியல் 31 பகுதிகளாக விரிந்தபோது அதில் இந்தப் பெயர் இல்லை. பட்டியலைவிட்டு வெளியே வருவது நல்ல சேதியாக இருக்கலாம். ஆனால் பட்டியல் கூட்டிவரும் கவனமும் பட்டியலோடேயே போய்விடுகிறது. தொடர்மாடியின் பன்னிரண்டாம் மாடியில் இருக்கும் குடும்பத்துக்கு வீட்டு முற்றம் கிடையாது. ஊரில் முற்றம் செய்த வேலையையெல்லாம் இங்கே பூங்காதான் செய்தாக வேண்டும். பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மம்மா உட்காரவும், பள்ளி முடிந்த பையன்கள் பந்தடிக்கவும், கோடையில் வெக்கை தாங்காமல் இறங்கிவருபவர்கள் மரத்தடியில் நிற்கவும் கிளமோர்கன் பூங்கா போன்ற ஒரு துண்டு நிலம்தான் இருக்கிறது. முற்றத்தைக் கூட்டுவதற்கு வாரத்தில் ஒரு நாள் லொறியில் ஆள் வந்தால் போதும் என்று எந்த வீட்டிலும் நினைப்பதில்லை.

நகரத்தின் பொறுப்பில் 1,500க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. அவ்வளவையும் சுற்றிவரும் குழுக்களை வைத்தே பராமரிக்கிறார்கள். வண்டி வருகிறது, புல் வெட்டுகிறார்கள், குப்பைத்தொட்டியைக் காலிசெய்கிறார்கள், அடுத்த பூங்காவுக்குப் போகிறார்கள். அந்தத் தொழிலாளர்களில் குறை காண்பது என் நோக்கமில்லை. அவர்களுடைய நாளில் கணிசமான நேரம் பாதையிலேயே போய்விடுகிறது என்பதை நகரத் தலைமைத் தணிக்கையாளரின் ஆய்வே எடுத்துக்காட்டியிருக்கிறது. ஆனால் நேர விரயத்தைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. வந்துபோகிறவருக்கு ஒரு பூங்கா அன்று இருக்கும் நிலை மட்டுமே தெரியும். நேற்று எப்படி இருந்தது என்று தெரியாது. பெருமழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த மேப்பிள் மரத்தின் கிளை இரண்டு வருடமாகக் காய்ந்துகொண்டு வருகிறது, எந்த வாங்கின் அடியில் குளவி கூடு கட்டும், சனி இரவுக்குப் பிறகு உடைந்த போத்தல் எந்தப் பக்கத்து மரத்தூளில் கிடக்கும், தண்ணீர்க் குழாய் ஏன் அழுத்தம் குறைந்து ஒழுகுகிறது என்பதெல்லாம் ஒரே ஆள் நாள்தோறும் பார்த்துப் பார்த்துச் சேர்க்கிற அறிவு. அதை எந்தப் படிவத்திலும் எழுதி அடுத்தவரிடம் கொடுக்க முடியாது. உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்பார்கள். எல்லோரும் உடையவராக இருக்கும் நிலத்தில், எல்லோர் சார்பிலும் பார்க்க ஒருவரை நாம்தான் நியமிக்க வேண்டும்.

ஓர் ஆள் அங்கேயே இருப்பதால் மட்டும் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். இதற்கான சான்றுகளில் ஒன்று ரொறன்ரோவிலிருந்தே கிடைக்கிறது. இர்வின் வொலரும் நோர்மன் ஒக்கிஹிரோவும் இந்த நகரத்தின் வீடுடைப்புத் திருட்டுகளை ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட நூலில், வாசற்காவலர் உள்ள தொடர்மாடிகள் திருட்டுக்கு அதிகம் ஆளாகவில்லை என்று காட்டினார்கள். அதே காலத்தில் பிரித்தானியாவின் அரசு வீட்டுத்திட்டங்களைப் பற்றிச் செய்யப்பட்ட ஆய்வுகள், பராமரிப்பாளர் அங்கேயே குடியிருக்கும் கட்டடங்களில் உடைப்பும் சேதமும் குறைவு என்று கண்டன. 1992இல் வந்த இன்னொரு பிரித்தானிய ஆய்வு, பணியாளர் நிற்கும் கார்த் தரிப்பிடங்களில் வாகனத் திருட்டுக் குறைவு என்றது. 1980களின் நடுவில் ஒல்லாந்தின் அம்ஸ்டர்டாம், ரொட்டர்டாம், ஹேக் நகரங்களில் ட்ராம்களிலும் மெட்ரோவிலும் சுமார் 1,200 இளைஞர்களை வேலைக்கு அமர்த்தினார்கள். அவர்கள் பொலிசார் அல்ல, வழி சொல்வதும் பயணச்சீட்டுப் பார்ப்பதுமே வேலை. சீட்டில்லாமல் பயணிப்பவர்களின் தொகை நன்றாகக் குறைந்தது. இவை எதுவும் பூங்காவைப் பற்றியவை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் ஒரே இயல்புள்ள இடங்கள்: பலரும் வந்துபோகிற, எவருக்கும் தனியே சொந்தமில்லாத இடங்கள். அங்கெல்லாம் மாற்றத்தைக் கொண்டுவந்தது ஆயுதமோ அதிகாரமோ இல்லை. இந்த இடம் தன் பொறுப்பு என்று நினைக்கும் ஒருவர் பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

அப்படி ஒருவர் பக்கத்தில் இருப்பதை அச்சமூட்டும் காவலோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. ரொறன்ரோவில் நெடுங்காலம் வாழ்ந்து 2006இல் மறைந்த ஜேன் ஜேக்கப்ஸ், 1961இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் நகரத் தெருக்களைப் பாதுகாப்பது முதலில் அங்கு புழங்கும் மனிதர்களின் கண்கள்தான் என்று வாதாடினார். கடைக்காரரைப் போல எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் பேசக்கூடிய ஒருவரால் ஒரு தெரு எப்படி இணைகிறது என்பதையும் காட்டினார். பூங்காவில் அந்த இடம் இன்று காலியாக இருக்கிறது. 311இல் பல மொழிகளில் பேசலாம், தமிழிலும் பேசலாம். அது நல்ல ஏற்பாடு. ஆனால் வாங்கில் இருக்கும் எண்பது வயது ஐயா முன்பின் தெரியாத குரலிடம் முறைப்பாடு சொல்ல மாட்டார். ஏணியோடு நடந்துபோகிறவரைக் கூப்பிட்டு, “தம்பி, அந்தப் பக்கம் கல் பெயர்ந்து கிடக்குது, நேற்று ஒரு பிள்ளை தடக்கி விழுந்தது” என்று சொல்வார். பதினான்கு வயதுப் பையனும் பெயர் சொல்லிக் கூப்பிடும் மனிதருக்கு முன்னால் குப்பைத்தொட்டியை உதைக்கத் தயங்குவான். கமெரா வைத்தால் போதாதா என்பவர்களுக்கும் இதுவே என் பதில். நடந்து முடிந்ததைத்தான் கமெரா பதிவுசெய்யும். அது ஊஞ்சலை அவிழ்க்காது, விழுந்த பிள்ளைக்கு முழங்காலில் மருந்துத்துணி ஒட்டாது.

கனடாவுக்கு இது புதிய யோசனையும் இல்லை. வன்கூவரின் பூங்காச் சபை பல பத்தாண்டுகளாகத் தன் பூங்காக்களின் திடல் வீடுகளில் பராமரிப்பாளர்களைக் குடியமர்த்தியிருந்தது. உடைமாற்றும் அறையும் மலசலகூடமும் உள்ள கட்டடத்தோடு ஒட்டிய சின்னக் குடியிருப்பு அது. பூட்டுவது, திறப்பது, கண்வைத்திருப்பது அவர்களுடைய வேலை. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அந்த முறையை மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். பிறகு காலியான வீடுகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. 2011 அளவில் அவற்றைக் கலைஞர்களுக்குப் பட்டறையாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். வாடகைக்குப் பதிலாக வருடத்துக்கு 350 மணிநேரம் அயலவர்களோடு சேர்ந்து கலை வேலை செய்யவேண்டும் என்பது நிபந்தனை. பழைய திடல் வீடுகளில் கூடை முடைவதும் நெசவும் நடந்தன. அது அழகான முயற்சி, குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் அதற்குள் ஒரு பாடம் இருக்கிறது. குடியிருந்தவர் போனதும் அந்தக் கட்டடத்தில் யாராவது இருக்க வேண்டும் என்ற தேவையை அந்த நகரம் உடனேயே உணர்ந்தது. வெறும் சுவர்களை வைத்துப் பூங்காவை நடத்த முடியாது என்று தெரிந்தபடியால்தான் பகலுக்காவது ஆள் தேடினார்கள். இரவுக்கும் அதிகாலைக்கும் ஆள் இல்லாத குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் நகரத்திலும் பெரிய பூங்காவொன்று குடியிருப்பாளரோடுதான் பிறந்தது. கட்டடக் கலைஞர் ஜோன் ஹவார்டும் அவர் மனைவி ஜெமைமாவும் 1873இல் தங்கள் 165 ஏக்கர் நிலத்தை மக்களுக்கான பூங்காவாக நகரத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். அதுதான் ஹை பார்க். ஈடாக வருடம் 1,200 டொலரும், 1837இல் கட்டிய கோல்போர்ன் லொட்ஜ் வீட்டில் தொடர்ந்து வாழும் உரிமையும் கேட்டார்கள். ஹவார்ட் 1890இல் இறக்கும்வரை அங்கேயே இருந்து பூங்காவைத் தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஜோன் மக்லாரன் 1943இல் இறக்கும்வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பொறுப்பாளராக இருந்தார். அவருடைய வீடும் பூங்காவுக்குள்தான். அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்லலாம். நியூயோர்க்கின் பழைய கார்னகி நூலகங்களின் மேல்மாடியிலும் பராமரிப்பாளர் குடும்பங்கள் வாழ்ந்தன. நிலக்கரி அடுப்பை இரவும் பகலும் எரியவைக்க ஆள் வேண்டியிருந்தது. கரி போனதும் அவர்களும் படிப்படியாகப் போனார்கள். நூலகத்துக்கு அது பெரிய நட்டமில்லை, மாலையில் கதவைப் பூட்டிவிடலாம். பூங்காவுக்குக் கதவே இல்லை. நள்ளிரவு 12.01இலிருந்து காலை 5.30 வரை பூங்காவில் நிற்கக்கூடாது என்று ரொறன்ரோவின் துணைச்சட்டம் சொல்கிறது. அந்த ஐந்தரை மணிநேரமும் சட்டம் மட்டுமே அங்கே காவல் நிற்கிறது.

பொதுச் சொத்துக்கு ஓர் ஆளைப் பொறுப்பாக வைப்பது நமக்குப் பழக்கப்பட்ட ஏற்பாடு. தமிழ்நாட்டுக் கண்மாய்களில் நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் அழைக்கப்பட்டவர் மடையைத் திறந்து மூடி ஒவ்வொரு வயலுக்கும் முறைப்படி தண்ணீர் விட்டார். அறுவடையில் ஊரார் கொடுத்த நெல்தான் அவர் கூலி. மட்டக்களப்புப் பக்கம் வட்டவிதானை என்றால் இன்றும் புரியும். அதே மரபிலிருந்துதான் இந்த யோசனைக்கு எதிரான வலுவான வாதமும் வருகிறது. வயல்வெளிகளைப் பார்த்த விதானைகள் பலர் காலப்போக்கில் குட்டி அதிகாரிகளாகி, வேண்டியவனுக்குத் தண்ணீரும் வேண்டாதவனுக்கு வரட்சியும் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு இருந்தது. இலங்கையின் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வெல்விதானை என்ற அந்தப் பதவியை ஒழித்துவிட்டுப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. பூங்காவில் குடியிருக்கிறவரும் அப்படி ஆகமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? கிரிக்கெட் விளையாடும் பையன்களைத் துரத்திவிட்டுத் தனக்குப் பிடித்தவர்களின் பிறந்தநாள் விழாவுக்கு இடம்கொடுத்தால்? இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் அவருக்கு ஒதுக்கீட்டு அதிகாரம் எதுவும் இருக்கக்கூடாது என்கிறேன். அனுமதிப் பத்திரம் இப்போது போலவே நகரமண்டபத்திலிருந்து வரட்டும், தண்டப்பணம் எழுதுவது வேறு அலுவலர்களின் வேலையாகவே இருக்கட்டும். வருடத்துக்கொரு தடவை அயலவர் கூட்டமொன்றில் அவருடைய வேலை பேசப்பட வேண்டும். அதிகாரம் இல்லாத பொறுப்பு என்பது குறைபாடு அல்ல. இந்த வேலைக்கு அதுதான் பொருத்தம்.

தொண்டர்களே இதைச் செய்யலாமே என்பது அடுத்த கேள்வி. செய்திருக்கிறார்கள், அதுவும் அருமையாக. தோர்ன்கிளிஃப் பார்க்கில் பெண்கள் குழுவொன்று ஆர்.வி. பர்கெஸ் பூங்காவில் சந்தையும் தந்தூரி அடுப்பும் கொண்டுவந்து அந்த இடத்துக்கே உயிர் கொடுத்தது. டஃப்ரின் குரோவ் பூங்காவில் 1990களின் நடுவிலிருந்து அயலவர்கள் விறகு அடுப்பில் ரொட்டி சுட்டு, பனிச்சறுக்குத் திடலின் கட்டடத்தை எல்லோரும் கூடும் இடமாக்கினார்கள். ஆனால் டஃப்ரின் குரோவை நன்றாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே தொண்டர்களோடு நாள்தோறும் நின்று வேலைசெய்த பூங்காப் பணியாளர்களும் இருந்தார்கள். தொண்டு செய்ய நேரம் வேண்டும். இரண்டு வேலை பார்க்கும் தாயிடமும், இரவு வேலை முடிந்து காலையில் படுக்கும் தந்தையிடமும் அந்த நேரத்தைக் கேட்பது நியாயமில்லை. நகரத்தின் இயற்கைப் பனித்திடல் திட்டத்தைப் பாருங்கள். உறைகுளிர் இரவில் தண்ணீர்க் குழாயோடு நின்று, ஒரு படை உறைந்தபின் அடுத்த படை ஊற்ற அயலவர்கள் முன்வந்தால்தான் அந்தப் பூங்காவுக்குத் திடல். அப்படி ஆள் சேரும் அயல்களின் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். சேராத அயல்களில் வெறும் பனிதான் கிடக்கும். தொண்டை மட்டும் நம்பினால் நேரம் மிஞ்சியவர்களின் பூங்காக்களே செழிக்கும்.

செலவு? ஒரு முழுநேரச் சம்பளமும் ஒரு சிறு வீடும் வேண்டும். அதை மறைக்கத் தேவையில்லை. பிரித்தானியா இந்தச் செலவை மிச்சம்பிடித்துப் பார்த்த நாடு. 1988இல் வந்த உள்ளூராட்சிச் சட்டம் பராமரிப்பு வேலைகளைக் கேள்விப்பத்திரத்துக்கு விடும்படி கட்டாயப்படுத்தியது. பூங்காக் காவலர்கள் போய் நடமாடும் குழுக்கள் வந்தன, பல வாசல் வீடுகள் விற்கப்பட்டன. பதினொரு வருடம் கழித்து, 1999இல், நாடாளுமன்றக் குழுவே பூங்காக்களின் சீரழிவைப் பற்றி அறிக்கை எழுதவேண்டி வந்தது. அதற்குப் பிறகு முக்கியமான ஒவ்வொரு பூங்காவிலும் மீண்டும் ஆள் நிற்க வேண்டும் என்ற இயக்கத்தைப் பொதுவெளிகளுக்கான அரச ஆலோசனை அமைப்பே முன்னெடுத்தது. ஒருமுறை ஆட்களை அனுப்பிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். எல்லாப் பூங்காவுக்கும் ஆள் கேட்பது நடக்காத காரியம். தொடர்மாடிகள் நெருங்கிய, வேறு முற்றமில்லாத இடங்களில் தொடங்கலாம். பக்கத்தில் நடந்துபோகும் தூரத்திலுள்ள சிறு பூங்காக்களையும் அதே ஆள் பார்க்கலாம்.

எனக்கே உறுத்தும் மறுப்பு இன்னொன்று. குடியிருப்போடு சேர்ந்த வேலை எவ்வளவு எளிதில் சுரண்டலாகிவிடும் என்பது தொடர்மாடிகளில் வாழும் நம்மவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒன்ராறியோச் சட்டப்படி, கட்டடத்திலேயே குடியிருக்கும் பராமரிப்பாளரான சுப்பரின்டென்டன்டுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் வேலைநேர வரம்பும் மேலதிகநேரக் கொடுப்பனவும் கட்டாயமில்லை. வேலை போனால், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், ஒரு வாரத்துக்குள் வீட்டையும் காலிசெய்ய வேண்டும். நள்ளிரவில் யாரும் கதவைத் தட்டலாம், விடிந்தால் நடைபாதைப் பனியை அகற்றியாக வேண்டும், நோய் வந்தாலும் போக இடமில்லை. பூங்காவுக்கு அப்படி ஒரு வேலையை உருவாக்குவதைவிட உருவாக்காமல் இருப்பதே மேல். பூங்காவில் குடியிருப்பவர் நகரத்தின் ஏனைய வெளிவேலைத் தொழிலாளர்களைப் போல 416ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கிளையின் உறுப்பினராக, முழுச் சம்பளத்தோடு, குறித்த மணிநேரத்தோடு வேலை செய்ய வேண்டும். வீடு சம்பளத்துக்குப் பதிலாக அல்ல, சம்பளத்தோடு சேர்ந்து வரவேண்டும். வேலை முடிந்தால் வெளியேற ஒரு வாரம் அல்ல, பல மாதம் வேண்டும். வேலைநேரம் முடிந்தபின் அவர் யன்னலில் எரியும் விளக்கே போதும். கதவைத் திறக்கும் கடமை அவருக்கு இருக்கக்கூடாது. வீடில்லாமல் பூங்காவில் படுப்பவர்களை எழுப்பி விரட்டும் வேலையையும் அவர் தலையில் கட்டக்கூடாது. 2021இல் நகரத்துப் பூங்காக்களில் கூடாரங்கள் அகற்றப்பட்ட விதம் இன்னும் பலருக்கு ஆறாத காயம். கூரையுள்ள ஒருவரைக் கொண்டு கூரையில்லாதவரைத் துரத்தினால், அன்றோடு அந்த அயலின் நம்பிக்கை போய்விடும்.

வீட்டை எங்கே கட்டுவது என்ற கேள்வி மிஞ்சுகிறது. இருக்கிற புல்லில் ஓர் அடியும் எடுக்கக்கூடாது என்பவர்களோடு நானும் உடன்படுகிறேன். டோர்செட் பார்க்கில் பச்சை நிலம் அவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை. வன்கூவர் செய்ததைப் போல மலசலகூடக் கட்டடத்தின் மேலேயோ பக்கச் சுவரோடு ஒட்டியோ இரண்டு அறை எழுப்பினால் போதும். அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ரொறன்ரோப் பூங்காக்களின் மலசலகூடங்களில் பல குளிர்காலத்தில் பூட்டப்படுகின்றன. சூடாக்கும் வசதி இல்லாததால் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும். அதனால் நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை, நீரிழிவு உள்ள முதியவரும் சின்னப் பிள்ளையோடு வரும் தாயும் பூங்காவில் அரை மணிநேரத்துக்கு மேல் நிற்கத் துணிவதில்லை. மேலே ஒருவர் குடியிருந்தால் கட்டடம் எப்படியும் சூடாகத்தான் இருக்கும். அதே சூடு சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் குழாயையும் காக்கும். காலையில் கதவைத் திறக்கவும், தரையைத் துடைக்கவும், பொழுதுபட்டதும் பூட்டவும் ஆள் அங்கேயே இருப்பார். தை மாதத்துக் குளிரிலும் அந்தக் கதவு திறந்திருக்கும்.